வேண்டாத ஒளியை வேண்டிப் பெற்றவர்கள்

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரத்து சிங்க்ரோட்ரான் யந்திரத்திலிருந்து கண்ணுக்குப் புலனாகும் ஒளி வெளிப்பட்டது. ஏறக்குறைய ஒளியின் வேகத்தோடு வட்டமிடும் எலக்ட்ரான்கள், காந்தங்களால் வளைக்கப்படுந்தோறும் தம் சக்தியில் ஒரு பகுதியைக் கிரணமாகச் சிந்திவிடுகின்றன. அணுவின் உட்கூறுகளை ஆராய வந்த பௌதிக சாஸ்திரிகளுக்கு அது வீண் நஷ்டமாகவே பட்டது.

ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் அம்மையாரிடம் பயின்ற கென்னத் ஹோம்ஸ், 1968-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் வந்தமர்ந்தபோது, அவர் சிந்தையை ஆட்கொண்டிருந்த வினா, தசை எவ்வாறு சுருங்குகிறது என்பதே. அதற்கென அவர் எடுத்துக்கொண்டது ஒரு நீர்ப்பூச்சியின் பறக்கும் தசை; அதன் நுண்ணிழைகள் அணிவகுத்தாற்போல் ஒழுங்குற அமைந்திருப்பதால், எக்ஸ்-கிரணம் பட்டதும் தெளிவான புள்ளிகளாகச் சிதறிப் படத்தகட்டில் பதியும். ஆனால் அக்காலத்துக் குழாய்கள் தந்த கிரணமோ பலவீனமானது; ஒரு படம் பதிய நெடுநேரம் வேண்டியிருக்க, தசையின் சலனமோ இமைப்பொழுதில் நிகழ்ந்து முடிந்துவிடும்.

ஆகவே, உக்கிரமான எக்ஸ்-கிரணத்தைத் தேடி அவரும், கெர்ட் ரோஸன்பௌம் என்ற இளைஞரும், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து விட்ஸும், ஹாம்பர்க்கிலிருந்த டெஸி சிங்க்ரோட்ரானை நாடினார்கள். பௌதிகர்களின் பரிசோதனைக்கென ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தின் கிரணத்தை ஒரு குவார்ட்ஸ் ஸ்படிகத்தின்மேல் விழச்செய்து, வேண்டிய அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தசையின்மீது பாய்ச்சி, 1971-இல் அதன் பலனை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இதை வெறும் கருவி மாற்றமாக எழுதிச் செல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. பிறர் சொத்தான யந்திரத்தின் அருகே இடம் கேட்டு நின்ற அவர்களுடைய அடக்கமும், அதில் பயனுண்டென்று முன்கூட்டிக் கண்ட தீர்க்கதரிசனமும், என் உள்ளத்தில் கிரணத்தைவிட உயர்ந்து நிற்கின்றன.

உக்கிரமான ஒளி புதியதோர் இடரையும் உடன் கொணர்ந்தது: கிரணம் பட்ட மாத்திரத்தில் நுண்ணிய உயிர்ப்பொருளின் ஸ்படிகங்கள் சிதைந்தன. உடலுக்கு வேண்டிய புரதங்களைத் தொடுத்துத் தரும் ரைபோசோமை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானி அடா யோனத் அம்மையார், 1980-களில் ஸ்படிகங்களைப் பூஜ்யத்துக்குக் கீழே 185 டிகிரி சென்டிகிரேட் வரை குளிர்வித்து அந்த நாசத்தைத் தணித்தார். சாக்கடலின் உப்பு நீரில் வாழும் நுண்ணுயிரின் ரைபோசோமும் அவ்விதம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் அதன் பெரிய பகுதியை தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினரும், வேறொரு நுண்ணுயிரின் சிறிய பகுதியை யோனத் குழுவினரும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குழுவினரும் அணு அணுவாக வரைந்து காட்ட, 2009-இல் ரஸாயனத்துக்கான நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோய்க்கிருமிகளை அழிக்க நாம் உட்கொள்ளும் மருந்துகளுள் பல, ரைபோசோமின் எந்த இடுக்கில் போய்ப் பற்றி அதன் தொழிலைத் தடுக்கின்றன என்பதும் அந்த ஸ்படிகங்களிலிருந்தே தெரியவந்தது.