நடுவர் நிந்தனை

1863-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்னும் விடுதியில் சில கனவான்கள் கூடிக் கால்பந்துச் சங்கத்தை ஸ்தாபித்து ஆட்டத்துக்குரிய விதிகளை எழுதிவைத்தபோது, அவ்விதிகளில் ஓரிடத்திலேனும் நடுவர் என்ற ஒருவரைப் பற்றிய பேச்சே இல்லை. சச்சரவு எழுந்தால் இரு கட்சித் தலைவர்களும் கலந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. கட்சிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள். அவ்விருவரும் ஒத்துப்போகாத சமயங்களில் முடிவு சொல்லுவதற்காக மூன்றாமவர் ஒருவர் மைதானத்துக்கு வெளியே நின்றார். அக்காலத்தில் ஆட்டக்காரர்கள் குரல் எழுப்பி முறையிட்டால்தான் தீர்ப்பு என்பது உண்டு. ஆகவே முறையிடுதல் அன்றைக்குக் குற்றமன்று; அதுவே சம்பிரதாயமாக இருந்தது.

1885-இல் கூலிக்கு ஆடுவது சட்டபூர்வமாகி, 1888-இல் லீக் பந்தயமும் தொடங்கி, வெற்றி தோல்வியோடு வயிற்றுப்பாடும் பிணைந்துகொண்ட பிறகு, இந்த மூவர் சபை ஈடுகொடுக்கவில்லை. 1891-இல் அம்பயர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளியே நின்ற மூன்றாமவரை ஆடுகளத்துக்குள் இறக்கினார்கள். பெனால்டி கிக் என்னும் தண்டனையும் அதே ஆண்டில்தான் வந்தது. நடுவர் என்னும் தனிமனிதர் அன்று பிறந்தார் என்றே சொல்லலாம். அதுவரை பொதுவில் நடந்த விவகாரம் ஒருவர் கைக்குப் போயிற்று. முறையீடாக இருந்தது, சில ஆண்டுகளுக்குள், அதிகப்பிரசங்கமாகவும் அவமரியாதையாகவும் கருதப்படலாயிற்று.

அவமரியாதைக்கு விதிக்கும் அபராதம் எவ்வளவு உறைக்கும் என்பது சம்பளத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1901 முதல் ஓர் ஆட்டக்காரர் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் வாங்கலாகாது என்று உச்சவரம்பு இருந்தது. அது சிறுகச் சிறுக ஏறி 20 பவுன் ஆயிற்று. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் போராடியதன் பயனாக 1961-இல் அறவே ஒழிந்தது. ஒழிந்தவுடன் ஃபுல்ஹாம் கழகத்து ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் வாங்கலானார். அந்த 100 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த சம்பவத்தைப் பார்க்கலாம்.

1969 டிசம்பரில், மெயின் ரோடு மைதானத்தில், மான்செஸ்டர் நகரின் சிட்டி, யுனைடெட் என்னும் இரு கழகங்களும் லீக் கோப்பை அரையிறுதியில் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியால் சிட்டி 2-1 என்று வென்றது. எல்லோரும் வெளியேறிக்கொண்டிருக்கையில், யுனைடெட்டின் ஜார்ஜ் பெஸ்ட், நடுவர் ஜாக் டெய்லரின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். டெய்லர் வுல்வர்ஹாம்ப்டனில் கசாப்புக் கடை வைத்திருந்தவர். நடுவர் வேலை அக்காலத்தில் யாருக்கும் முழுநேர ஜீவனோபாயம் அன்று. பந்தைத் தட்டியதற்குக் கால்பந்துச் சங்கம் பெஸ்டுக்கு 100 பவுன் அபராதமும் நான்கு வாரத் தடையும் விதித்தது. பெஸ்டைப் போன்ற நட்சத்திரத்துக்கு அப்பணம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது, தடைதான் சுட்டிருக்கும். தடை நீங்கியபின், 1970 பிப்ரவரி 7-ஆம் தேதி, நார்தாம்ப்டனுக்கு எதிராக அவர் ஒருவரே ஆறு கோல் போட்டார். தண்டனை திருத்திற்றா, தீட்டிற்றா என்று தெரியவில்லை!

அடுத்த ஆண்டு ஏப்ரலில் லீட்ஸ் நகரில் நடந்த அனர்த்தம் இதைவிடப் பெரிது. வெஸ்ட் பிராம்விச் கழகத்தின் டோனி பிரவுன் பந்தோடு முன்னேறுகையில், அவருடைய தோழர் சகெட் ஆப்சைடில் நிற்கிறார் என்று எல்லைக்கோட்டு நடுவர் கொடியை உயர்த்தினார். லீட்ஸ் ஆட்டக்காரர்கள் நின்றுவிட்டார்கள். பிரவுனே ஒரு கணம் தயங்கினார். நடுவர் ரே டிங்க்லரோ ஆட்டத்தைத் தொடருமாறு கைகாட்ட, பிரவுன் தள்ளிய பந்தை ஜெஃப் ஆஸ்ல் வலைக்குள் போட்டார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. லீட்ஸ் மேலாளர் டான் ரெவீயும் உள்ளே நடந்து வந்தார். லீட்ஸ் 1-2 என்று தோற்று, ஒரே புள்ளியில் பட்டத்தை ஆர்சனலிடம் இழந்தது. நடுவர் தவறினார் என்பதே அன்றைக்குப் பலருடைய அபிப்பிராயம். அப்படியிருந்தும் தண்டனை லீட்ஸுக்குத்தான். அடுத்த பருவத்தில் முதல் நான்கு உள்ளூர் ஆட்டங்களை வேற்றூர்களில் ஆடவேண்டியதாயிற்று; அந்தப் பட்டமும் ஒரு புள்ளியிலேயே டெர்பிக்குப் போயிற்று. நடுவருடைய பிழை நிந்தனைக்குப் பரிகாரம் ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

தொலைக்காட்சி வந்த பிறகு குற்றம் கையிலிருந்து நாவுக்கு மாறியது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டம் முடிந்த சில நிமிஷங்களுக்குள், கோபம் தணியுமுன்னரே, மேலாளர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்று பேசியாகவேண்டும் என்று பிரீமியர் லீக் விதி செய்திருக்கிறது. பேசியபின், அதைச் சொல்லியிருக்கலாகாது என்று சங்கம் குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. ஆட்டத்துக்கு முன்போ அன்றைய நடுவரைப் புகழ்ந்துகூடப் பேசலாகாது. மான்செஸ்டர் யுனைடெட் மேலாளராக இருந்த சர் அலெக்ஸ் ஃபெர்குசன் இந்த இரண்டு கத்திகளுக்கும் இடையே நெடுங்காலம் வாழ்ந்தவர். 2009-இல், ஆலன் வைலி என்ற நடுவருக்கு ஓடுவதற்குத் தேக பலம் போதாது என்று சொல்லி 20,000 பவுன் கொடுத்தார். 2011-இல், செல்ஸியிடம் தோற்றபின், இத்தகைய ஆட்டத்துக்கு நியாயமான நடுவர் வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். 30,000 பவுன் போயிற்று, ஐந்து ஆட்டங்களில் களத்தோரம் நிற்கவும் தடை. மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வார்த்தையில் வசை ஏதுமில்லை. ஆனால் நியாயமானவர் வேண்டும் என்றால், வந்தவர் அநியாயக்காரர் என்றாகிறது. கண் தவறிற்று என்றால் அது விமர்சனம். மனம் கோணிற்று என்றால் அது பட்சபாதக் குற்றச்சாட்டு. சங்கம் பெருந்தொகை கேட்பது பெரும்பாலும் பின்னதற்கே.

இது வீண் கெடுபிடி என்று சொல்லுவோர் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க்கின் கதையை அறிந்திருக்க வேண்டும். 2005 பிப்ரவரியில் பார்சலோனாவில் நடந்த ஆட்டத்தில் செல்ஸியின் ட்ரோக்பாவை வெளியேற்றிய ஸ்வீடன் தேசத்து நடுவர் அவர். காப்பீட்டு விற்பனை அவருடைய தொழில். இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளர் ரைகார்ட் நடுவர் அறைக்குள் போனார் என்று செல்ஸி மேலாளர் மொரீன்யோ கிளப்பிவிட்டார். கொலை மிரட்டல்கள் வந்தன. சில வாரங்களுக்குள் ஃப்ரிஸ்க் நடுவர் வேலையையே துறந்துவிட்டார். மொரீன்யோவுக்கு ஐரோப்பியச் சங்கம் விதித்தது 20,000 ஸ்விஸ் ஃபிராங்கும் இரண்டு ஆட்டத் தடையும். கழகத்துக்கு 75,000 ஃபிராங்க். ஒருவருடைய நடுவர் வாழ்க்கை முடிந்ததோடு ஒப்பிட்டால் இதைச் சில்லறை என்றுதான் சொல்லவேண்டும்.

பின்னர் கைபேசி வந்தது. 2011 ஜனவரியில் லிவர்பூலின் ரயன் பாபெல், நடுவர் ஹவர்ட் வெப் மான்செஸ்டர் யுனைடெட் சட்டை அணிந்திருப்பதாக ஒட்டுவேலை செய்த படம் ஒன்றை ட்விட்டரில் இட்டு 10,000 பவுன் அபராதம் கட்டினார். வாயைத் திறக்காமலே நிந்தனை செய்யலாம் என்று அன்று தெரிந்தது. 2023 நவம்பரில், நியூகாஸிலில் தோற்ற ஆத்திரத்தில் ஆர்சனல் மேலாளர் மிகேல் ஆர்டேட்டா கடுஞ்சொற்களால் தீர்ப்பைச் சாடினார். விசாரணைக் குழு குற்றம் நிரூபணமாகவில்லை என்று அவரை விடுவித்தது. அதே பருவத்தில், 2024 ஏப்ரலில், எவர்ட்டனிடம் தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகம், மூன்று பெனால்டிகள் மறுக்கப்பட்டதாகவும், காணொளி நடுவர் தங்களோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பப் போராடிக்கொண்டிருந்த லூட்டன் கழகத்தின் அபிமானி என்றும், இதை முன்கூட்டியே எச்சரித்திருந்ததாகவும் சில வரிகள் வெளியிட்டது. அந்தச் சில வரிகளுக்கு, அக்டோபர் மாதத்தில் விதிக்கப்பட்ட அபராதம் 7,50,000 பவுன்.