ஒரே கூரையின் கீழ்: பசிபிக் கரையோரப் பீர் இல்லங்களின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாறு அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மட்டும் எழுதப்படுவதன்று. மக்கள் உண்ணும் உணவும், பருகும் பானமும், மாலையில் கூடிப் பேசும் இடமும் வரலாற்றுக்குரிய பொருள்களே. வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் உள்ள பீர் இல்லங்களின் கதை இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி, வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களைக் கடந்து, கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ வரை பசிபிக் பெருங்கடலை ஒட்டிச் செல்லும் பயணி, சிற்றூர்கள் பலவற்றில் ஒரே வகையான காட்சியைக் காண்பார். உணவு மேசைகளுக்கு அப்பால் பெரிய எஃகுக் கலன்கள் நிற்கும். அங்கே காய்ச்சப்பட்ட பீர் அங்கேயே பரிமாறப்படும். ஒரே கூரையின் கீழ்ப் பீரைக் காய்ச்சியும் விற்றும் வரும் இத்தகைய இல்லங்களைப் ‘புரூபப்’ என வழங்குவர். இவற்றைக் காணும் பயணி, இது தலைமுறை தலைமுறையாக வந்த மரபு என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. மதுவிலக்குக் காலத்திற்குப் பின், 1981ஆம் ஆண்டு முடிய, அமெரிக்க நாட்டில் இத்தகைய இல்லம் ஒன்றேனும் இயங்கவில்லை. சட்டம் அதற்கு இடந்தரவில்லை. மாய்ந்துபோன ஒரு கைத்தொழிலை எளிய குடிமக்கள் சட்டமன்றத்தின் கதவைத் தட்டி மீட்டெடுத்தனர் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் பயில்வோர்க்கு அதன் தீமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சட்டம் ஒரு தொழிலை எவ்வாறு மாய்க்கிறது, மக்கள் அதனை எவ்வாறு மீட்கின்றனர், மீட்டபின் அது எவ்வாறு நிலைக்கிறது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

பனிக்கட்டி இல்லாத ஊரின் பீர்

வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிய சாறு கிடைக்கும். அதனுடன் ஹாப் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைப்பர். ஹாப் பூ கசப்பையும் மணத்தையும் தந்து, பானம் விரைவில் கெடாமலும் காக்கும். பின்னர் ஆறவைத்து ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைப்பர். மிதமான வெப்பத்தில் புளிப்பது ‘ஏல்’ எனவும், குளிரில் நெடுநாள் கிடந்து புளிப்பது ‘லாகர்’ எனவும் பெயர் பெறும்.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பல நாட்டு மக்களும் சான்பிரான்சிஸ்கோவில் வந்து குவிந்தனர். அவர்களுள் லாகர் காய்ச்சத் தெரிந்தோரும் இருந்தனர். ஆயின் லாகருக்குக் குளிர் வேண்டும்; அந்நகரிலோ பனிக்கட்டி கிடைப்பது அரிது. எனவே அவர்கள் அகன்று ஆழங்குறைந்த தொட்டிகளில் சாற்றைப் பரப்பி, கடற்காற்றின் குளிர்ச்சியைக் கொண்டே ஆற்றி, லாகர் ஈஸ்டை மிதமான வெப்பத்தில் புளிக்கவைத்தனர். அவ்வாறு பிறந்ததே ‘ஸ்டீம் பீர்’ என்னும் புதுவகை. இல்லாமையிலிருந்து பிறந்த கலை அது. அவ்வகையைக் காய்ச்சிவந்த ஆலை ஒன்று 1896இல் ‘ஆங்கர்’ என்னும் பெயரைப் பெற்றது. ஆங்கர் என்பது நங்கூரம். துறைமுக நகருக்குப் பொருத்தமான பெயர் எனலாம்.

விலக்கும் விளைவும்

ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் 1916இலேயே மதுவிலக்கை நடைமுறைப்படுத்தின. 1920இல் அது அமெரிக்க நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. 1933இல் விலக்கு நீக்கப்பட்டபோது, சட்டமியற்றுவோர் முன் ஒரு பழைய கவலை நின்றது. விலக்குக்கு முந்திய நாளில் பெரிய ஆலைகள் மதுக்கூடங்களைத் தம் பிடிக்குள் வைத்திருந்தன; கூடுதலாக விற்கும்படி கடைக்காரரை நெருக்கின; குடி பெருகியது. அந்நிலை மீளாதிருக்கக் காய்ச்சுவோர், மொத்த வணிகர், சில்லறை விற்பனையாளர் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன. ஒரு படியில் நிற்பவர் மற்றொரு படியில் கால் வைத்தல் ஆகாது என்பது விதி.

நோக்கம் நல்லதே. ஆயின் பெருந்திமிங்கிலத்திற்கு விரித்த வலையில் சிறுமீனும் அகப்பட்டது. தன் கையாலேயே காய்ச்சித் தன் கடையிலேயே விற்கும் சிறியவனும் குற்றவாளியானான். பெரிய ஆலைகளோ மொத்த வணிகர் வழியாக நாடெங்கும் பரவிச் சிறிய ஆலைகளை விழுங்கின. 1873இல் அமெரிக்காவில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சின. எங்குச் சென்றாலும் ஒரே நிறம், ஒரே சுவை என்னும் நிலை உண்டாயிற்று. சிறியோரை நசுக்கும் பெரியோரைத் தடுக்க வந்த சட்டம், பெரியோரை மேலும் பெரியோராக்கியது. இம்முரண்பாடு மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

மீட்சியின் தொடக்கம்

மீட்சி தனிமனிதர் சிலரிடமிருந்து தொடங்கியது. மூடப்படும் நிலையில் இருந்த ஆங்கர் ஆலையின் பெரும்பங்கை 1965இல் பிரிட்ஸ் மேடாக் என்னும் இளைஞர் வாங்கிக் காத்தார். ஸ்காட்லாந்தில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஜாக் மெக்காலிஃப், அங்குச் சுவைத்த ஏல் வகைகளை மறக்கவியலாமல், 1976இல் சோனோமாவில் ‘நியூ ஆல்பியன்’ ஆலையைத் தொடங்கினார். 1579இல் பிரான்சிஸ் டிரேக் இக்கடற்கரைக்கு இட்ட பெயரே நோவா ஆல்பியன் என்பதாம். பழைய பால்பண்ணைக் கலன்களையும் பழைய பீப்பாய்களையும் கொண்டு அவ்வாலை உருவாயிற்று. போதிய முதலின்றி 1982இல் அது மூடப்பட்டது. எனினும் அது காட்டிய வழி மூடப்படவில்லை.

1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடையை நீக்கியது. அடுப்பங்கரையில் கற்றுக்கொண்டோர் பலர் பின்னாளில் ஆலை கண்டனர். ஆரிகனில் வளர்க்கப்பட்டு 1972இல் வெளியிடப்பட்ட ‘காஸ்கேட்’ என்னும் ஹாப் வகை, எலுமிச்சை இனத்தின் மணத்தைத் தந்து இக்கரைப் பீருக்குத் தனிமுகம் அளித்தது.

கனடாவின் கரையிலும் இதே முயற்சி நடந்தது. வான்கூவருக்கு அருகில், தோணித்துறை அமைந்த ஹார்ஸ்ஷூ பே என்னும் சிற்றூரில் மதுக்கூடம் நடத்திய ஜான் மிட்செல், அனுபவம் மிக்க பிராங்க் ஆப்பிள்டனின் துணையோடு 1982இல் சிற்றாலை ஒன்றை அமைத்தார். ஆலை ஓரிடம், மதுக்கூடம் வேறிடம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் அமைந்தது 1984இல், விக்டோரியா துறைமுகத்தின் கரையில் மிட்செலும் பிறரும் தொடங்கிய ‘ஸ்பின்னேக்கர்ஸ்’ இல்லத்தில்தான்.

வாஷிங்டன் மாநிலத்தில், ஹாப் தோட்டங்கள் சூழ்ந்த யாக்கிமாவில், 1982இல் பெர்ட் கிராண்ட் தொடங்கியதே மதுவிலக்கிற்குப் பின் அமெரிக்கா கண்ட முதல் புரூபப். கலிபோர்னியா 1982இல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே ஹாப்லாந்து என்னும் ஊரில் மெண்டோசினோ நிறுவனத்தார் தம் இல்லத்தைத் திறந்தனர். மூடப்பட்ட நியூ ஆல்பியனின் கலன்களும் ஈஸ்டும் அவர்கள் கைக்கு வந்தன. ஒரு விளக்கு அணையுமுன் மற்றொரு விளக்கை ஏற்றியது போன்றது அது. ஆரிகன் 1985இல் வழிவிட்டது. அவ்வாண்டே மெக்மெனமின் உடன்பிறப்புகள் போர்ட்லாந்து நகரில் அம்மாநிலத்தின் முதல் புரூபப்பை நிறுவினர்.

கடலோர ஊர்களும் பின்தொடர்ந்தன. கலிபோர்னியாவின் போர்ட் பிராக் ஊரில் 1988இல் ‘நார்த் கோஸ்ட்’ தோன்றியது. உள்நாட்டு ஊரான ஆஷ்லாந்தில் 1988இல் பிறந்த ‘ரோக்’, மறு ஆண்டு நியூபோர்ட் துறைமுகத்திற்கு வந்தது. பசிபிக் சிட்டியின் மணற்கரையில் 1996இல் ‘பெலிக்கன்’ எழுந்தது. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள அஸ்டோரியா, ஒருகாலத்தில் மீன் பதனிடும் ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். அத்தொழில் தேய்ந்தபின் வெறிச்சோடிய கட்டடம் ஒன்றில் 2014இல் ‘பூய்’ பீர் ஆலை குடிபுகுந்தது. அதன் தரையில் பதித்த கண்ணாடி வழியே, கீழே படுத்திருக்கும் கடற்சிங்கங்களை வந்தோர் கண்டு மகிழ்ந்தனர். மீன் போன இடத்தில் பீர் வந்தது. ஊருக்குச் சிறிது வேலையும் வந்தது.

நல்ல இல்லத்தை அறியும் முறை

நல்ல இல்லம் எது என அறிய, இவ்வரலாறே பயணிக்குக் கைவிளக்காகும். பெரும்பாலான பீர் வகைகள் புதிதாக இருக்கும்போதே சுவை மிக்கவை. வெப்பமும் ஒளியும் நெடும்பயணமும் அவற்றைக் கெடுக்கும். ஆகவே காய்ச்சிய இடத்திற்கு அருகில் பருகுவதே புரூபப்பின் தனிச்சிறப்பு. தாமே காய்ச்சாமல், பல ஆலைகளின் பீரைத் தேர்ந்து விற்கும் மதுக்கூடங்களும் உண்டு. அங்கே குழாய்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் கூடாது. நாற்பது குழாய்களில் நாட்பட்டுக் கிடப்பதினும், விரைவில் விற்றுத் தீரும் பத்துக் குழாய்கள் மேலானவை. குழாய் வழிகள் ஒழுங்காகக் கழுவப்படாவிடின் புளிப்பும் வெண்ணெய் நாற்றமும் தோன்றும். கிண்ணத்தின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டி நிற்பின் அது தூய்மையாக இல்லை என்று பொருள். எந்த வகை எப்போது காய்ச்சப்பட்டது என்று வினவும்போது பணியாளர் தயங்காமல் விடை கூறுவராயின் அது நல்ல இல்லம். உள்ளூர் மக்கள் குடும்பத்தோடு வந்து உண்ணும் இடமாயின் அது மேலும் நன்று.

கடற்கரை நெடுஞ்சாலை வளைவும் சரிவும் மிக்கது. ஆதலின் இல்லம் விட்டு இல்லம் செல்ல விரும்புவோர் தங்குமிடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே தேர்தல் வேண்டும். குடித்தபின் வண்டி ஓட்டுதல் தன்னுயிர்க்கும் பிறர் உயிர்க்கும் கேடு.

நிலையாமை

மீட்கப்பட்டது நிலைத்துவிட்டதா எனின், அவ்வாறு சொல்வதற்கில்லை. ஹாப்லாந்தின் முன்னோடி நிறுவனம் 1997இல் இந்தியாவின் யுனைடெட் புரூவரீஸ் குழுமத்தின் வசமாகி, 2018இல் மூடப்பட்டது. மதுவிலக்கையும் 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் கடந்து வந்த ஆங்கர், 2017இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, 2023இல் நின்றுபோயிற்று. 2024இல் ஹம்தி உலுகாயா என்னும் தொழிலதிபர் அதனை வாங்கினார். அஸ்டோரியாவின் பழைய மீனாலைக் கட்டடத்தில் ஒரு பகுதி 2022இல் இடிந்து விழுந்தது. நியூபோர்ட்டின் ரோக் 2025 நவம்பரில் திடீரென மூடப்பட்டது. சிறியது பெரியதாகிக் கடனும் செலவும் பெருகும்போது, தொடங்கிய காலத்து வலிமை குன்றிவிடுதல் உண்டு. விக்டோரியாவின் ஸ்பின்னேக்கர்ஸ் தன் ஊரையும் துறைமுகத்தையும் விட்டு அகலாமல் நாற்பது ஆண்டைக் கடந்து நிற்பதை இவற்றோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

சட்டம் ஒரு கதவை அடைக்கவும் வல்லது, திறக்கவும் வல்லது. திறந்த கதவின் வழியே உள்ளே சென்று விளக்கேற்றுவது மக்களின் கையில் உள்ளது. பசிபிக் கரையில் தனிமனிதர் சிலர் பழைய பால்பண்ணைக் கலன்களோடு தொடங்கிய முயற்சி, ஒரு தலைமுறைக்குள் மாநிலங்களின் சட்டத்தையே மாற்றியது. பெரியவற்றின் நிழலில் சிறியவை மறைந்துவரும் இக்காலத்தில், மறைந்ததை மீட்க முடியும் என்பது இவ்வரலாற்றின் முதற்பாடம். மீட்டதை நாள்தோறும் காத்தல் வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாடம். முதற்பாடத்தினும் இரண்டாம் பாடமே கடினமானது.