தண்டவாளம் பதித்தவர்களின் பேருந்து

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மின்சார ரயில்களுக்குத் தண்டவாளம் பதித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த கூலியாட்கள். 1903 ஏப்ரலில் நகரத் திருவிழா நெருங்கியது. அதற்குள் மெயின் தெருப் பாதையை முடித்துவிட முதலாளி ஹென்றி ஹன்டிங்டன் அவசரப்பட்டார். அந்த நேரத்தில் கூலியாட்கள் சங்கம் கட்டி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மணிக்கு 17.5 சென்ட் கூலியை 20 சென்டாக்கும்படி கேட்டார்கள். கிடைக்கவில்லை. வேறு ஆட்களை வைத்துப் பாதை முடிக்கப்பட்டது.

அந்த ரயில்களும் நிலைக்கவில்லை. 1963-இல் கடைசி டிராம் நின்றது. மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த பாயில் ஹைட்ஸ் பகுதியை அதிவேகச் சாலைகள் கூறுபோட்டன. பலர் வீடிழந்தார்கள். 1994-இல் கலிபோர்னியாவில் ஓட்டுநர் உரிமத்துக்குச் சட்டபூர்வக் குடியிருப்புச் சான்று கட்டாயமானது. ஆவணமற்ற குடியேறிகளுக்கு 2015 வரை உரிமம் மறுக்கப்பட்டது. வீட்டு வேலைக்கும் ஓட்டலுக்கும் தையற்கூடத்துக்கும் போன பலருக்குப் பேருந்தே கதியாக இருந்தது.

அதே 1994-இல்தான் மாவட்டப் போக்குவரத்து ஆணையம் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 டாலராக்கி, 42 டாலர் மாதப் பாஸையும் நிறுத்த முடிவெடுத்தது. புதிய ரயில் பாதைகளுக்கோ பணம் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. பேருந்துப் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் லத்தீனோக்கள், கறுப்பினத்தவர், ஆசியர். ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கூட்டம் நடத்திய பேருந்துப் பயணிகள் சங்கம் பேருந்துகளுக்குள்ளேயே ஆள் திரட்டியது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ், இது இனப் பாகுபாடு என்று வழக்கும் தொடுத்தது. நீதிபதி டெரி ஹாட்டர் கட்டண உயர்வுக்குத் தடை விதித்தார்.

1996-இல் இரு தரப்பும் பத்தாண்டு உடன்பாட்டுக்கு வந்தன. மாதப் பாஸ் பிழைத்தது. நெரிசலுக்கும் வரம்பு வந்தது: 40 இருக்கைப் பேருந்தில் 8 பேருக்கு மேல் நிற்கக் கூடாது, 2002-க்குள் இந்த நிலையை எட்ட வேண்டும். ஆணையம் தவணைகளைத் தவறவிட்டது. கூடுதல் பேருந்து வாங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கூலிக்காரர்கள் திரண்டு பெற்ற இந்த வெற்றிக்கு ஈடு சொல்ல அமெரிக்கப் போக்குவரத்து வரலாற்றில் அதிகமில்லை.

ஆனால் அந்த வழி அடைபட்டது. பாகுபாட்டு விளைவை மட்டும் காட்டித் தனிநபர்கள் அந்த 1964 சட்டத்தின்கீழ் வழக்காட முடியாது என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-இல் உடன்பாடு காலாவதியானது. மறு ஆண்டே கட்டணம் ஏறியது.

பாயில் ஹைட்ஸின் முதலாம் தெருவில் கடைசி டிராம் ஓடியது 1963 மார்ச்சில். அதே தெரு வழியாக மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது 2009 நவம்பரில்.