சதம் அடிக்கும் திருத்தணியும் 1990இல் நியூயார்க்கில் கூடிய நகராட்சிகளும்

கத்திரி வெயில் வந்துட்டா போதும், ராத்திரி செய்தியில நம்ம ஊர் பேர் வந்துடும். "வேலூர், திருத்தணி உள்ளிட்ட இடங்களில் வெயில் சதம் அடித்தது" என்று வாசிப்பார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கிரிக்கெட் கணக்கில் சதம். கேட்டுவிட்டு "நம்ம ஊரு டிவியில வந்துடுச்சு" என்று சிரித்துக்கொள்வோம். இங்கே வானிலை ஆய்வு மையத்தின் அளவீட்டு நிலையம் இருப்பதால்தான் அந்தப் பெயர் வருகிறது. பக்கத்து ஊர்களிலும் அதே வெயில்தான், ஆனால் அங்கே அளக்க ஆள் இல்லை.

ஒரு நாள் எனக்குத் தோன்றிய கேள்வி சின்னது. வெப்பத்தை அளப்பது மத்திய அரசின் துறை. வெயில் அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை போட்டது மாநில அரசு. அப்படியானால் சாவு வருவதற்கு முன்னால் நிழல், தண்ணீர், மரம் என்று பார்க்கவேண்டியது யார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில், 1990 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஏரி வாரியத்திலிருந்து ஆரம்பிப்போம்

உள்ளாட்சி என்றதும் நம் ஆட்கள் உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். நானும் போகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விவரிப்பது எல்லோருக்கும் தெரியும். எந்தெந்த வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். அதாவது ஊருக்கென்று இருந்த மூன்று முக்கியக் குழுக்களில் இரண்டு, இன்று நாம் 'சுற்றுச்சூழல்' என்று சொல்லும் வேலையைப் பார்த்தவை. ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது.

இதை வைத்து "அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது" என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஏரி கெட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு ஊருக்குள்ளேயே பதில் இருந்தது.

அந்தப் பதில் 19ஆம் நூற்றாண்டில் ஊரைவிட்டு வெளியே போனது. ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்குப் போயின. குடிமராமத்து என்ற வழக்கத்தை 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதினார்கள். இன்றும் நிலைமை இப்படித்தான்: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஊருக்கு நடுவில் ஏரி இருக்கும், ஆனால் அது நகராட்சியுடையதாக இருக்காது. குப்பை மட்டும் நகராட்சியுடையது!

நகராட்சிகள் வந்தது தனிக் கதை. ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882 மே 18. அதைத் தொடர்ந்து 1884இல் சென்னை மாகாண மாவட்ட நகராட்சிகள் சட்டம், பிறகு 1920இல் இன்னொன்று. தமிழக நகராட்சிகள் இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ரொம்ப காலம் ஓடின. 1998இல் புதுச் சட்டம் இயற்றியும், அது முழுசாக நடைமுறைக்கு வர 2023 ஆகிவிட்டது. விளக்கு, தெரு, சாக்கடை, தடுப்பூசி என்று வெள்ளைக்காரன் ஒப்படைத்த பட்டியல்தான் நம் நகராட்சிகளின் அடிப்படை மென்பொருள். அதன்மேல் ஒட்டுப் போட்டே நூறு வருஷம் ஓட்டினோம்.

விதிவிலக்கும் உண்டு. 1939-40இல் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தை விடாமல் பிடித்துத் தொடங்க வைத்தார். 1944இல் அணை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த அணை கொசஸ்தலை ஆற்றின் மேல், நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு மேயர் தன் எல்லைக்கு வெளியே போய் ஒரு ஆற்றைப் பற்றி யோசித்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டொராண்டோ செய்த வேலை

இப்போது கடல் தாண்டுவோம். 1988இல் கனடாவின் டொராண்டோ நகரில் மாறிவரும் வளிமண்டலம் பற்றி ஒரு பெரிய சர்வதேச மாநாடு நடந்தது. நாடுகள் பேசிவிட்டுக் கலைந்தன. மாநாடு நடந்த ஊர் மட்டும் சும்மா இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு அளவிலிருந்து 2005க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை 20 சதவீதம் குறைப்போம் என்று டொராண்டோ நகர மன்றம் 1990 ஜனவரியில் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே நகரத்துச் சொத்து ஒன்றை விற்ற பணத்தில் 2.3 கோடி டாலர் வைப்புநிதி அமைத்து, அந்த நிதியிலிருந்தே வேலை நடக்கும்படி செய்தது. தேசிய அரசு சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை.

அதே 1990 செப்டம்பரில், நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் 43 நாடுகளைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் கூடின. அங்கே பிறந்ததுதான் 'உள்ளூர் சுற்றுச்சூழல் முன்முயற்சிகளுக்கான சர்வதேச கவுன்சில்'. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வாயால் சொல்லும்போது 'இக்லி'. முதல் தலைமைச் செயலர் ஜெப் புரூக்மன், தலைமையகம் டொராண்டோ. ஐரோப்பாவுக்கு ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 1992இல் ஒரு செயலகம். 2003இல் பெயரைச் சுருக்கி 'நீடித்த தன்மைக்கான உள்ளாட்சிகள்' என்ற பொருளில் மாற்றிக்கொண்டார்கள். இப்போது உலகச் செயலகம் ஜெர்மனியின் பான் நகரில். 2,500க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இந்த வலையமைப்பில் இருக்கின்றன.

இது அரசும் இல்லை, ஐ.நா. அமைப்பும் இல்லை. நகராட்சிகளே உறுப்பினராகச் சேரும் லாப நோக்கமற்ற சங்கம். யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஓர் ஊர் கற்றதை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவது, சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் உள்ளாட்சிகளின் குரலாக உட்காருவது, இந்த இரண்டும்தான் முக்கிய வேலை.

1992 ரியோ மாநாட்டில் ஏற்கப்பட்ட 'நிகழ்ச்சிநிரல் 21' ஆவணத்தின் 28ஆம் அத்தியாயம் உள்ளாட்சிகளைப் பற்றியது. ஒவ்வோர் ஊரும் தன் மக்களோடு பேசித் தனக்கென ஒரு திட்டம் எழுத வேண்டும் என்று அது கேட்டது. அதற்குப் பின்னால் இருந்த முக்கிய உழைப்பு இக்லியுடையது. 2002இல் எடுத்த கணக்கின்படி 113 நாடுகளில் 6,416 உள்ளாட்சிகள் அந்த வழியில் ஏதோ ஒரு வேலை தொடங்கியிருந்தன. இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்காவில் சிலர் இதை "ஐ.நா. நம்ம வீட்டு மனையைப் பிடுங்க வருது" என்று நம்பினார்கள். அலபாமா மாநிலம் 2012இல் இதற்கு எதிராகச் சட்டமே இயற்றியது. நம் ஊரில் இப்படி ஒரு ஆவணம் இருப்பதே தெரியாததால் எந்தச் சண்டையும் வரவில்லை.

அளந்த பிறகுதான் குறைக்க முடியும்

1993இல் இக்லி தொடங்கிய 'காலநிலைப் பாதுகாப்புக்கான நகரங்கள்' இயக்கத்தில் ஐந்து படிகள். இப்போது எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கெடு. இலக்கு வை. திட்டம் எழுது. செய். மறுபடி அள. மென்பொருள்காரனுக்கு இது பழகிய பாட்டு. ஒரு புரோகிராம் மெதுவா ஓடினால், எங்கே நேரம் போகுதுன்னு முதல்ல அளப்போம். அளக்காமல் கை வைத்தால் சரியாக இருந்ததையும் கெடுப்போம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 250 வாட் சோடியம் தெருவிளக்கைக் கழற்றிவிட்டு 90 வாட் எல்.இ.டி. போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 160 வாட். தினம் 12 மணி நேரம், 365 நாள். ஏறக்குறைய 700 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு விளக்குக்கு வருஷத்துக்கு அரை டன். நூறு விளக்கு என்றால் 70,000 யூனிட், 50 டன். மின்கட்டணமும் அதே அளவுக்குக் குறையும். காலநிலையை நம்பாத கவுன்சிலர்கூட மின்கட்டணத்தை நம்புவார். இக்லியின் முறை பல நாடுகளில் எடுபட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஊருக்கு ஊர் ஒரு மாதிரி கணக்குப் போட்டால் ஒப்பிட முடியாது. அதனால் 2014 டிசம்பரில், உலக வளங்கள் நிறுவனம், சி-40 நகரங்கள் அமைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு பொதுக் கணக்குமுறையை இக்லி வெளியிட்டது. எல்லா ஊருக்கும் ஒரே வாய்ப்பாடு.

இங்கே வந்த கதை

ரியோ நடந்த அதே 1992இன் டிசம்பரில், நம் நாடாளுமன்றம் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறை. அதோடு வந்த 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 பொறுப்புகள் உண்டு. எட்டாவது: நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. என் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. நிழலும் மரமும் நகராட்சியின் வேலை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 'கொடுக்கலாம்' என்பதுதான் வாசகம். பொறுப்பு வந்தது, அதற்கான ஆளும் பணமும் கூடவே வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் இக்லி போன்றவர்களுக்கு வேலை. 2005இல் தில்லியில் தெற்காசியச் செயலகம் வந்தது. சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி நிறுவனத்தின் நிதியில் நடந்த 'கெப்பாசிட்டீஸ்' திட்டம் 2016இல் ராஜ்கோட், கோயம்புத்தூர், சிலிகுரி, உதய்ப்பூர் என்று நான்கு நகரங்களை எடுத்துக்கொண்டது. இரண்டாம் கட்டத்தில் திருச்சியும் திருநெல்வேலியும் சேர்ந்தன. கோவை உக்கடம் பெரியகுளத்தின்மேல் மிதக்கும் சூரிய மின்தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வழியில் வந்தது. சென்னை சி-40 அமைப்பில் இருக்கிறது, 2023இல் தனக்கென்று காலநிலைச் செயல்திட்டமும் வெளியிட்டது.

பட்டியலைப் பாருங்கள். எல்லாம் மாநகராட்சிகள். திட்டம் எழுத ஒரு பொறியாளரை ஒதுக்க முடிந்த ஊர்கள்தான் வலையமைப்பில் சேர முடிகிறது. திருத்தணி மாதிரி ஒரு நகராட்சி ஆடிக் கிருத்திகைக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீரும் கழிப்பறையும் ஏற்பாடு செய்வதிலேயே மூச்சு வாங்கிவிடும். படியேறும் பக்தர் செருப்பில்லாமல்தான் ஏறுவார். வெயில் இங்கே நேராக உள்ளங்காலில் படும் விஷயம்.

இன்னொன்று, அதைவிட வருத்தமானது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். அந்த இடைவெளியில்தான் வர்தா புயல் (2016 டிசம்பர் 12), 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா எல்லாம் வந்தது. உலகம் முழுக்க மேயர்கள் காலநிலை பற்றிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தமிழ்நாட்டு நகரங்களில் மேயரே இல்லை.

இப்போது எல்லா மாவட்டத்திலும் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. ஆட்சியர் தலைவர், வன அலுவலர் காலநிலை அலுவலர். நல்ல ஏற்பாடு. ஆனால் இருவரும் மாற்றலாகிப் போகிறவர்கள். ஓட்டுக் கேட்டு நம்ம தெருவுக்கு வருகிறவர்கள் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

திருத்தணிக்குன்னு தனியா ஒரு சிக்கல் உண்டு. 1953இல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவுக்குப் போன ஊர் இது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்று நடந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திரும்பி வந்தது. கிராமம் கிராமமாக மொழி பார்த்துப் போட்ட கோடு அது. ஆனால் ஆறு மொழி பார்த்து ஓடாது. ஆந்திரப் பக்கம் அம்மபள்ளி அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் மூழ்கும். 2022இல் கொசஸ்தலையின் குறுக்கே இரண்டு நீர்த்தேக்கம் கட்ட ஆந்திரா திட்டமிட்டபோது முதல்வர் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். அது சரி. ஆனால் நகரியும் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இன்றைய அமைப்பில் நாற்காலி கிடையாது. ஓர் உள்ளாட்சி வலையமைப்பால் நம் ஊருக்கு உண்மையான பயன் இருக்குமானால் அது இங்கேதான். பான் நகரத்தோடு பேசுவதற்கு முன்னால் நகரியோடு பேச வேண்டும்.

அதற்கு எந்த நிதியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று காகிதம் போதும் என்று தோன்றுகிறது. ஒன்று, நகராட்சி தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் வருஷத்துக்கு எத்தனை யூனிட் செலவழிக்கிறது. இரண்டு, எல்லைக்குள் எத்தனை நீர்நிலை, ஒவ்வொன்றும் எந்தத் துறைக்குச் சொந்தம். மூன்று, எந்தெந்தத் தெருவில், படியில், பேருந்து நிறுத்தத்தில் மதியம் நிழல் இல்லை. முதல் இரண்டையும் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம். மூன்றாவதுக்கு ஒரு சித்திரை மதியம் நடந்தால் போதும், குடை எடுத்துக்கொண்டு.

நான் முதல் இரண்டையும் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது என்று விதி வைத்ததற்கு முன்னால், கணக்குக் கேட்க யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா?