கண்மாய்க் கரையும் பாறை விளிம்பும்

மதுரையில் கேமராவோடு பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் முக்கியமானவை. நகருக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய்; வடகிழக்கே மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிக் குன்றுகள். இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது தவறு.

சாமநத்தத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் நின்றால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், புள்ளிமூக்கு வாத்து எல்லாம் கூட்டமாகச் சேரும். வலசை வரும் நீலச்சிறகியும் இருக்கும். காலை வெயில் முதுகில் விழும்படி கரையில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். இரை தேடும் பறவைகள் மெல்ல நம் பக்கமே நகர்ந்து வரும். சேற்றில் அலகு நுழைத்து மேயும் அரிவாள் மூக்கனின் முதுகில் வெயில் பட்டுச் செம்பும் பச்சையும் மின்னுவதைச் சாதாரண லென்ஸிலேயே பிடித்துவிடலாம். கைபழகுவதற்கு இதைவிட நல்ல இடம் மதுரைப் பக்கம் இல்லை.

அரிட்டாபட்டி வேறு உலகம். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.21 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஊர் மக்கள் போராடி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்த மண் இது. சுமார் 250 வகைப் பறவைகளில் லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் ராஜாளியும் இங்கே தனிச்சிறப்பு. ஆனால் படம் எளிதில் கிடைக்காது. வெயில் ஏறியதும் பாறைமேல் கானல் நெளிந்து உருவத்தைக் குழப்பும். வெளிறிய வானத்தில் பறக்கும் வல்லூறு வெறும் கரிய நிழலாகப் பதியும். அதனால்தான் சிலர் கூட்டை நெருங்குகிறார்கள். ஷாகீன் குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. பாறைத் திட்டிலேயே முட்டையிடும். ஆளைக் கண்டு தாய் எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வதங்கும்.

பிரிட்டனில் பொரி வல்லூறு கூட்டிலிருக்கும்போது அனுமதியின்றி வேண்டுமென்றே தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; படமெடுப்பவருக்கும் விலக்கில்லை. ஷாகீன் அதே இனத்தின் தெற்காசிய வகைதான். அந்தக் கட்டுப்பாட்டை நாம் நமக்கே விதித்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வல்லூறுகளின் இனப்பெருக்கக் காலம். ஜனவரியில் கண்மாயில் வலசைப் பறவைகளும் இருக்கும். அந்த மாதங்களில் கேமராவைச் சாமநத்தத்துக்குக் கொண்டுபோங்கள். அரிட்டாபட்டிக்குப் போனால் தொலைநோக்கியோடு அடிவாரத்திலேயே நில்லுங்கள்.