பொருள் உணர்ந்து படித்தல்



நான் ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில், ஒரு மாணவன் வகுப்பில் பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தான். பாராட்டி அமரச் செய்தேன். பின்னர், பாடத்தில் வந்த 'மதகு' என்பது யாது என்று வினவினேன். அவன் விழித்தான், வகுப்பு முழுவதும் வாய் திறக்கவில்லை. வாசித்தல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

இது சிறுவர்க்கே உரிய குறையன்று. 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலிய பல நூல்களைக் கற்றவர் அவர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். ஐயர் படித்ததில்லை. முதலியார் தந்த பிரதியைப் படிக்கத் தொடங்கியபோது, எழுத்து விளங்கியது; நச்சினார்க்கினியர் உரையும் உடனிருந்தது; ஆயினும் பல இடங்களில் பொருள் விளங்கவில்லை.

காரணம் யாது? சிந்தாமணி சமண நூல். அச்சமயக் கொள்கைகளும் வழக்குகளும் அவருக்குப் புதியவை. கல்லூரி ஆசிரியராயிற்றே என்று அவர் கூசவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார். ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கினார். உரையாசிரியர் காட்டிய மேற்கோள்கள் எந்நூலுக்குரியவை என்று தேடினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அத்தேடலே அவரைப் பழைய நூல்கள் பிறவற்றுக்கும் அழைத்துச் சென்றது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன. 'எனக்கு விளங்கவில்லை' என்று ஒரு புலவர் துணிந்து ஒப்புக்கொண்டதன் பயனன்றோ இது!

மீண்டும் என் வகுப்புக்கு வருகிறேன். மறுநாள் மாணவர்களைப் பள்ளியை அடுத்த ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று மதகைக் காட்டினேன். முதல்நாள் விழித்த அதே மாணவன், "ஐயா, இது எங்கள் மடை அல்லவா!" என்றான். இரவில் தன் தந்தையுடன் சென்று வயலுக்கு நீர் விட்ட கதையையும் சொன்னான். ஐயருக்குச் சொல் தெரிந்தும் பொருளின் பின்புலம் தெரியவில்லை. இவனுக்குப் பொருள் தெரிந்தும் புத்தகச் சொல் தெரியவில்லை. இரண்டையும் இணைக்கும் பாலமே ஆசிரியன். அம்மாணவன் அறியாதவன் அல்லன். அவன் அறிந்ததை நான்தான் கேட்டறியவில்லை. அதன்பின், 'இதைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேளாமல் நான் எப்பாடத்தையும் தொடங்கியதில்லை.

நீங்களும் ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் நூலை மூடுங்கள். படித்ததை உங்கள் சொற்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையெனில் அவ்விடத்தைக் குறித்து வையுங்கள். அறிந்தவரைத் தேடிச் சென்று கேளுங்கள். கேட்பதில் இழுக்கில்லை, கேளாமல் விளங்கியதுபோல் இருப்பதே இழுக்கு.