பொறுப்புக்கூறல் யாருடையது? கல்வி உரிமைச் சட்டமும் வடசென்னைக் குழந்தைகளும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியின் தலித் குடியிருப்புகளில், பிள்ளை பள்ளியில் சேர்ந்ததா என்பது இன்று முதன்மைக் கேள்வி அன்று. சேர்ந்த பிள்ளை கற்றதா என்பதே கேள்வி. கற்கவில்லை எனில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? குழந்தையா, ஆசிரியரா, அரசா? சட்டம் இக்கேள்வியை யாரிடம் கேட்கிறது என்பதைப் பொறுத்தே கற்றல் இடைவெளி குறையும் என்பது நமது நிலைப்பாடு.

அமெரிக்கா தரும் பாடம்

2002 ஜனவரியில் அமெரிக்காவில் ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்னும் சட்டம் கையெழுத்தானது. 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தி, முடிவுகளை இனவாரியாகவும் வறுமைநிலைவாரியாகவும் பிரித்து வெளியிட வேண்டும் என்றது. கறுப்பினக் குழந்தைகளின் நிலையைப் பள்ளியின் சராசரி மதிப்பெண்ணுக்குள் மறைக்க முடியாமற்போனது அதன் நற்பயன். ஆனால், 2014க்குள் அனைவரும் தேர்ச்சி என்ற இலக்கை எட்டாத பள்ளிகள் நடவடிக்கைக்கு உள்ளாயின. அட்லாண்டாவில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தினர். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தொடக்க வகுப்புக் கணிதத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தபோதும் இடைவெளி மூடப்படவில்லை. 2015 டிசம்பரில் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

நமது சட்டம் எதை அளக்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் (2009) பெரும்பாலும் வசதிகளையே அளக்கிறது. ஆசிரியர் விகிதம், கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் ஆகியவை அதன் அட்டவணையில் உள்ளன. பள்ளியைச் சூழ்ந்த காற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவி மாணவிகள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு இழந்த பள்ளி நாட்களுக்குக் குழந்தையோ ஆசிரியரோ பொறுப்பாக முடியாது.

சாதிவாரியாகக் கற்றலை அளக்கும் முயற்சி இல்லாமல் இல்லை. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எனப் பிரித்து மாவட்ட அளவில் முடிவுகளைத் தந்தது. எனினும் அது மாதிரி ஆய்வு. சென்னை என்ற ஒரே எண்ணுக்குள் ராயபுரமும் அடையாறும் கரைந்துவிடுகின்றன.

கீழ்நோக்கி இறங்கும் பொறுப்பு

பிரிவு 24இன்படி, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலை அளிப்பது ஆசிரியரின் கடமை; தவறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பிரிவு 8, நலிந்த பிரிவினரின் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பதையும் தரமான கல்வியை உறுதிசெய்வதையும் அரசின் கடமையாக்குகிறது. அரசு தவறினால் தண்டனை எதுவும் கூறப்படவில்லை.

2019இல் சட்டம் திருத்தப்பட்டு, 5, 8ஆம் வகுப்புகளில் மாணவரை நிறுத்திவைக்க வழி திறந்தது. தமிழ்நாடு அரசு அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. பத்து வயதுக் குழந்தையைத் தோற்கடிப்பது பொறுப்புக்கூறல் ஆகாது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் வழியாகவே அது முடியும்.

பிரிவு 7, நிதி அளிக்கும் பொறுப்பை ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவாக்குகிறது. ஆயினும் 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு வழங்காமல் நிறுத்தியது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களுக்கான சேர்க்கை 2025இல் தடைப்பட்டது. ஆசிரியரிடம் கணக்குக் கேட்கும் சட்டம், நிதியை நிறுத்தியவரிடம் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலில், உங்கள் பகுதிப் பள்ளியை நடத்துவது மாநகராட்சியா, பள்ளிக்கல்வித் துறையா, ஆதிதிராவிடர் நலத்துறையா, தனியார் நிர்வாகமா என உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழு. பிரிவு 21இன்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசாரப் பங்கு உண்டு. வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் சுமைதூக்கும் தொழிலாளியும் தூய்மைப் பணியாளரும் வர இயலாது. நேரத்தை மாற்றக் கோருங்கள். பிரிவு 22 கூறும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் கற்றல் நிலையையும் சேர்க்கச் செய்யுங்கள். உதவிபெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை அமைப்பு மட்டுமே என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவதாக, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களும் காலியிடங்களும், சாதிவாரியான சேர்க்கையும் இடைநிற்றலும், வகுப்புவாரியான கற்றல் மதிப்பீட்டு முடிவுகள். பிரிவு 26இன்படி காலியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

இறுதியாக, குறை இருப்பின் பிரிவு 32இன்கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் புகார் அளியுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் செல்லும்.

சட்டம் தானாக இடைவெளியை மூடாது. பள்ளிதோறும் சாதிவாரியான கற்றல் விவரம் வெளிவர வேண்டும். குழந்தைகளின் பெயர்களோ மதிப்பெண் பட்டியலோ வெளியாகாமல் அது வர வேண்டும். பின்தங்கிய பள்ளிக்குத் தண்டனைக்கு மாறாக ஆசிரியரும் நிதியும் முதலில் சென்றடைய வேண்டும். சட்டத்திருத்தமாக நாம் கோர வேண்டியவை இவ்விரண்டுமே.